பழம்பொருட் கடையிற் புதையல்

கொழும்பிலிருந்து காலிக்குச் செல்லும் பெருந்தெருவில் அம்பலாங்கொடையை அண்மியதும், பழைய கதிரைகளையும் கட்டில்களையும் முற்றத்தில் நிரையாக அடுக்கி வைத்திருக்கும் கடைகள் கண்ணிற்படத் தொடங்கும். காலிக் கோட்டையினுள்ளும், கண்டியிலும், கொழும்பு மாநகரின் சில தெருக்களிலும் அவ்வகைக் கடைகள் உண்டு. பாக்கு நீரிணைக்கு அப்பாற் காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருவுக்குப் போவோர் இவற்றின் உடன்பிறப்புக்களைக் காண்பர். வெளியே நின்று பார்க்கும்போது சிறியனவாகத் தோன்றும் இக்கடைகளிற் பெரியவை உள்ளே நீண்டு கிடப்பவை. ஓர் அறையைக் கடந்தால் மற்றோர் அறை. அதைக் கடந்தாற் பின்கட்டு. அதற்கும் அப்பால் ஓட்டுக் கொட்டகை. கூரையிலிருந்து தூக்கு விளக்குகள் தொங்கும். சுவரிலுள்ள ஐந்தாறு மணிக்கூடுகளும் ஐந்தாறு வெவ்வேறு நேரங்களில் நின்றுபோயிருக்கும். நிலத்திலே ஆட்டுக்கல்லும் அம்மியும். அவற்றின் பக்கத்தில் ஒரு தையல் இயந்திரம். அதன்மேல் யாரோ ஒருவருடைய பாட்டனாரின் திருமணப் படம்.

அந்தப் படமே முதலிற் சிந்திக்கத் தக்கது. மணமகன் கோட்டணிந்து, தலைப்பாகை தரித்து, விறைப்பாக நிற்பார்; மணமகள் நகைகளின் சுமையோடு கதிரையில் அமர்ந்திருப்பார். கடைக்காரர் விற்பது படச்சட்டத்தையேயன்றிப் படத்தை அன்று. வாங்கிச் செல்வோர் படத்தைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு முகக்கண்ணாடியைப் பதித்துக்கொள்வர். படத்தின் பின்புறத்தில் ஒரு காலத்தில் யாரேனும் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதியிருப்பின் அது ஒரு குடும்பத்தின் ஆவணம். எழுதாதிருப்பின் ஊர் பேர் அறியப்படாத இருவரின் உருவம் மாத்திரமே. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு வரி மை.

பழம்பொருட் கடையிற் புதையல் தேடுவோர் பெரும்பாலும் விலையையே புதையலென எண்ணுகின்றனர். சில நூறு ரூபாவுக்கு வாங்கிய கிண்ணம் இலட்சக்கணக்கிற் போயிற்று என்ற கதைகள் எங்கும் உலவுகின்றன. அத்தகைய வாய்ப்பு அரிது. ஏனெனில் கடைக்காரருக்குத் தம் தொழில் தெரியும். ஆயினும் விலையை விடுத்து வேறொன்றைத் தேடுவோருக்கு இக்கடைகள் வறியன அல்ல. ஒரு பொருள் எங்கே பிறந்தது, யார் கையிற் புழங்கியது, எவ்வழியாக இங்கு வந்தது என்னும் மூன்றையும் அப்பொருளே ஓரளவுக்குச் சொல்லவல்லது. கேட்கத் தெரிந்தவருக்கே அது சொல்லும். அவ்வாறு கேட்பதற்கு முதற்படி, எதனையும் கவிழ்த்துப் பார்ப்பது.

பீங்கான் தட்டொன்றை எடுத்துக்கொள்வோம். மேற்பக்கத்துப் பூவேலையைக் கண்டு மகிழ்வோர் பலர். அறிந்தவரோ உடனே தட்டைப் புரட்டுவர். 1891ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுங்கச் சட்டமொன்று நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டிற்கு இறக்குமதியாகும் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் பொறிக்கப்படல் வேண்டும் என்று அது விதித்தது. அதன் பயனாக, ஐரோப்பியத் தொழிற்சாலைகள் தட்டின் அடியில் நாட்டுப் பெயரை இடும் வழக்கத்தைப் பெரிதும் மேற்கொண்டன. ஆகவே அடியில் ‘இங்கிலாந்து’ என ஆங்கிலத்திற் பொறித்த தட்டு, விற்பவர் என்ன சொன்னாலும், பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டதே. ‘மேட் இன் செக்கோசிலோவாக்கியா’ என்றிருந்தால் ஐயமே இல்லை. அந்நாடு 1918இல் தோன்றி 1992ஆம் ஆண்டின் முடிவோடு இரண்டாகப் பிரிந்தது. ‘மேட் இன் ஒக்குப்பைட் யப்பான்’ என்று ஒரு தேநீர்க் கோப்பையிற் காணப்படின், அஃது இரண்டாம் உலகப் போரில் தோல்வியுற்ற யப்பான் 1945 முதல் 1952 வரை நேசநாட்டுப் படைகளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலத்தது. ஒரு கோப்பையின் அடியில் ஒரு நாட்டின் வீழ்ச்சி எழுதப்பட்டிருப்பதைப் பள்ளிச் சிறுவர் ஒருமுறை கண்டால் வரலாற்றுப் பாடத்தை எளிதில் மறவார்.

எனாமற் பாத்திரங்கள் இவ்வகையிலே தனிச் சுவையுடையன. காரைக்குடிக் கடைகளில் சுவீடன் நாட்டு எனாமற் சட்டிகளும் தூக்குகளும் அடுக்கடுக்காக இருக்கும். பனிபொழியும் சுவீடனுக்கும் வெயில் எரிக்கும் செட்டிநாட்டுக்கும் யாது தொடர்பு? விடை பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கிடக்கின்றது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித்தொழிலும் வாணிகமும் செய்து, அங்குள்ள துறைமுகங்களில் வந்திறங்கிய உலகப் பொருள்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினர். பர்மாத் தேக்கிலே தூண் நிறுத்தினர். பெல்சியக் கண்ணாடியைச் சுவரிற் பதித்தனர். மகளின் சீர்வரிசையில் எனாமற் பாத்திரத்தையும் சேர்த்தனர். 1930களின் பொருளாதார மந்தமும், 1942இல் யப்பானியர் பர்மாவுட் புகுந்தமையும் அச்செல்வத்தின் வேரை அறுத்தன. பெரிய வீடுகளைப் பேண இயலாத பங்காளிகள் காலப்போக்கில் அவற்றைப் பிரித்து விற்கலாயினர். தூண் ஒரு கடைக்கும், கதவு ஒரு கடைக்கும், சட்டி ஒரு கடைக்குமாகப் போயின. கொழும்புச் செட்டியார் தெருவின் வரலாற்றை அறிய விரும்புவோரும் அச்சட்டிகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் தகும்.

இனித் தளபாடம். இலங்கைப் பழம்பொருட் கடைகளின் முதன்மைச் சரக்கு இதுவே. ஏமாற்றத்துக்கு மிகுந்த இடமுள்ளதும் இதுவே. 1658 முதல் 1796 வரை கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர், இங்குள்ள தச்சரைக் கொண்டு இங்குள்ள மரத்திலே தம் நாட்டுப் பாணியிற் கதிரை, மேசை, அலுமாரி, பெட்டகம் ஆகியவற்றைச் செய்வித்தனர். கருங்காலியும், முதிரையும், பலாவும், தேக்கும் அவர்கள் கையாண்ட மரங்கள். சிங்களத்திற் களுமெதிரிய எனவும் ஆங்கிலத்திற் கலமாண்டர் எனவும் வழங்கும், கருமையும் செம்பழுப்பும் விரவிய வரிமரமும் அவற்றில் ஒன்று; அது வெட்டி வெட்டி இன்று காட்டிலே காண்பதற்கரியதாயிற்று. வட்டமான பிரம்பு இருக்கையும் ஆறு கால்களும் கொண்ட ‘பேர்கோமாஸ்டர் கதிரை’ அக்காலத்துச் சின்னம். அதனாலேயே ‘ஒல்லாந்தர் காலத்தது’ என்னும் சொல் எந்தக் கதிரைக்கும் எந்தக் கடையிலும் தாராளமாக வழங்கப்படுகின்றது. பாணி ஒல்லாந்தருடையதாக இருக்கலாம். கதிரை சென்ற ஆண்டு செய்யப்பட்டதாக இருக்கலாம். பழைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகச் செய்வது குற்றமன்று. அதனைப் பழையதென்று சொல்லி விற்பதே குற்றம்.

உண்மையை அறிவதெப்படி? இங்கும் கவிழ்த்துப் பார்த்தலே வழி. மேசையின் மேற்பலகையை எவரும் மெருகிடுவர். அடிப்பலகையை மெருகிடுவார் இலர். அங்கே வாளின் தடம் இருக்கும். கைவாளால் அறுத்த பலகையில் தடங்கள் நேர்கோடுகளாகவும் சற்றே ஒழுங்கற்றும் அமையும். இயந்திர வட்டவாள் அறுத்ததில் அவை வில்போல வளைந்திருக்கும். வட்டவாள் பெருவழக்கானது 19ஆம் நூற்றாண்டிலேயே. ஆதலின் வளைந்த தடமுள்ள பலகை ஒல்லாந்த ஆளுநரின் மாளிகையில் இருந்திருக்க முடியாது. திருகாணியையும் நோக்கல் வேண்டும். கூரிய நுனியுடன் ஒழுங்காகச் செய்யப்பட்ட திருகாணி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் பரவிற்று. தலையிலே சிலுவைக் குறிபோன்ற வெட்டுள்ளது 1930களின் பின்னரே வந்தது. பழைய பெட்டகத்தின் பிணைச்சலிற் புதிய திருகாணி ஒன்றிரண்டு இருப்பின் பழுது பார்க்கப்பட்டதெனக் கொள்ளலாம். எல்லாமே புதியனவாயின், பெட்டகமே புதியதோ என ஐயுறல் நன்று.

மரத்தைத் துளைக்கும் உளுவைக் காட்டி வயதை நிறுவ முயல்வோரும் உளர். உளு வளைந்து வளைந்தே செல்லும். வெளியிற் சிறு துவாரம் மட்டுமே தெரியும். மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தால் அது நேரே ஆழமாக இறங்குமாயின் துளைத்தது புழுவன்று, துறப்பணமே. அவ்வாறன்றி, பலகையின் மேற்பரப்பிலே உளுவின் நீண்ட வாய்க்கால்கள் திறந்து கிடப்பின், பழைய மரமொன்றை அறுத்துப் புதிதாகப் பலகையாக்கினர் என்பது பொருள். மரம் பழையது, மேசை புதிது.

இவற்றையெல்லாம் விடச் சிறந்த சான்று தேய்வு. மனிதனின் உடல் ஒரு பொருளில் எங்கே படுமோ அங்கேயே அது தேயும். கதிரையின் கைப்பிடி, முன்முனையிலே, உள்ளங்கை அமரும் இடத்தில் வழுவழுப்பாகும். முன்னிரு கால்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம், அமர்ந்தோர் பாதம் வைத்து வைத்து மேல்விளிம்பிற் குழிந்திருக்கும். பின்புறத்துச் சட்டமோ அவ்வளவு தேயாது. இழுப்பறையின் அடிவிளிம்பு இருபுறமும் ஒரே அளவில் தேய்வது அரிது. ஏமாற்றுவோன் உப்புத்தாள் கொண்டு நான்கு பக்கமும் சமமாகத் தேய்ப்பான். வாழ்க்கை சமமாகத் தேய்ப்பதில்லை.

தேய்வைப் பற்றிப் பேசுமிடத்து யாழ்ப்பாணத்து மூக்குப்பேணியை நினையாதிருத்தல் இயலாது. உதட்டிற் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கென ஒரு பக்கத்தில் மூக்கு வைத்துச் செய்யப்பட்ட பேணி அது. தெற்கிலுள்ள கடைகளிலும் இன்று படிக்கத்துக்கும் வெற்றிலைத் தட்டத்துக்கும் நடுவே அது அமர்ந்திருக்கிறது. அதனை என்னவென்றறியாத உல்லாசப் பயணிகள் பாற்குவளை என வாங்கிச் செல்கின்றனர். மெருகிடாத பேணியைக் கையில் எடுத்தால், வலக்கை பற்றும் இடத்தில் வரிகள் மழுங்கியிருப்பதை விரலே உணரும். ஆயின் அப்பேணி சொல்லும் செய்தி முழுவதும் இனியதன்று. அண்ணாந்து குடிக்கும் வழக்கத்திலே தூய்மை பற்றிய எண்ணமும் உண்டு. தீட்டுப் பற்றிய எண்ணமும் உண்டு. ஒரே முற்றத்திற் சிலருக்குப் பேணியும் சிலருக்குச் சிரட்டையும் நீட்டப்பட்ட காலத்தின் சாட்சி அது. சிரட்டை எக்கடைக்கும் வரவில்லை. அது அடுப்பிலே எரிந்துபோயிற்று. பழம்பொருட் கடையிற் கிடைப்பவற்றைக் கொண்டு மாத்திரம் ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். உள்ளவர் வீட்டுப் பித்தளையே எஞ்சும்.

நாணயங்களைப் பற்றிச் சுருங்கச் சொன்னாற் போதும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் எழுத்திணைப்புச் சின்னம் பொறித்த ‘டுயிற்’ என்னும் செப்புக்காசுகள், 1726 முதல் ஏராளமாக அடிக்கப்பட்டன. இருநூறு ஆண்டு கடந்தவை என்பதனாலே அவை விலையுயர்ந்தவை ஆகா. மலிந்து கிடப்பது பழையதாயினும் மலிவே. பிரித்தானியர் காலத்தில், 1870ஆம் ஆண்டிட்டு அடிக்கப்பட்ட இலங்கைச் செப்புச் சதங்களில் ஒருபுறம் விக்டோரியா மகாராணியும் மறுபுறம் பனையினத்து மரமொன்றும் இருக்கும். 1909இல் வந்த ஐந்து சதம் நாற்கோணமானது. சிறுவர் மிக விரும்புவது. இவற்றை வாங்கி வந்தவர் முதலிற் செய்யும் வேலை புளியிட்டுத் துலக்குவது. குத்துவிளக்குக்கு ஏற்ற மருந்து நாணயத்துக்கு நஞ்சு. புளி களிம்பை மட்டும் நீக்காது, மேற்பரப்பையும் அரிக்கும். பளபளக்கும் பழைய காசை நாணயம் சேகரிப்போர் கையாலும் தொடார்.

தையல் இயந்திரம், மண்ணெண்ணெய் விளக்கு, வால்வு வானொலி, இசைத்தட்டு முதலிய அண்மைக் காலப் பொருள்களைச் சிலர் இகழ்வர். அஃது சரியன்று. சிங்கர் தையல் இயந்திரத்தின் அடித்தட்டில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 1900க்கு முன் எண் மட்டும். பின்னர் அதன்முன் எழுத்தும் சேர்ந்தது. நிறுவனத்தின் பதிவேடுகளைக் கொண்டு அவ்வெண்ணிலிருந்து இயந்திரம் செய்யப்பட்ட ஆண்டை அறியலாம். முந்நூறு ஆண்டுப் பெட்டகத்துக்கு இல்லாத பிறப்புச் சாட்சிப்பத்திரம் பாட்டியின் தையல் இயந்திரத்துக்கு உண்டு. ஆயின் பெரிய பித்தளைக் குழலோடு கண்ணைப் பறிக்கும் கிராமபோன்களிடம் எச்சரிக்கை வேண்டும். பழைய இயந்திர உறுப்புக்கும் புதிய பெட்டிக்கும் புதிய குழலுக்கும் அண்மையில் நடந்த கலப்புத் திருமணங்கள் அவற்றிற் பல.

இவ்வளவும் பொருளே பேசும் செய்தி. பொருள் பேசாத செய்தியும் ஒன்று உண்டு. அது, தான் இருந்த வீடும் ஊரும். அதனை மனிதரே சொல்ல வேண்டும். அங்கேதான் இவ்வணிகத்தின் அமைப்பு இடையூறாகின்றது.

பெரிய கடைக்காரர் வீடு வீடாகச் செல்வதில்லை. போத்தலும் பழைய கடதாசியும் வாங்கித் தெருவழியே போகும் வியாபாரி, ஒரு வீட்டின் பின்கட்டிலே கிடக்கும் விளக்கைக் காண்கின்றார். நிறுவைக்கு விலை பேசி வாங்குகின்றார். அவரிடமிருந்து சந்தியிலுள்ள பழைய சாமான் கடைக்குப் போகின்றது. அங்கிருந்து தரகர் ஒருவர் நல்லவற்றைப் பொறுக்கிப் பெரிய கடைக்குக் கொண்டு செல்கின்றார். பெரிய கடைக்காரர் அதனைத் துலக்கி, விளக்கொளியின் கீழ் வைக்கின்றார். மூன்று கை மாறுவதற்குள் அவ்வீட்டின் பெயர் உதிர்ந்துவிடுகின்றது. ‘எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டால், ‘ஒரு பழைய வளவிலிருந்து’ என்பதே மறுமொழி. சில வேளைகளில் அவர் அறியார். சில வேளைகளில் அறிந்தும் சொல்லார். சரக்கு வரும் வழியை மற்றொரு வியாபாரி அறிந்துகொண்டால் தம் பிழைப்புப் போய்விடும் என்ற அச்சம் அவருக்குண்டு. அதனைப் பேராசை என்று பழித்தல் ஆகாது; இன்னும் சொல்லப்போனால், அவர் வாங்காதிருந்தால் அவ்விளக்கு உருக்கப்பட்டுக் குழாய்த் திருகாக மாறியிருக்கும்.

பிறந்த இடம் அறியப்படாமையால் வரும் இழப்பு யாதென்பதை உலகறிந்த ஒரு சிலை காட்டும். இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் ஏறத்தாழ 143 சென்ரிமீற்றர் உயரமுள்ள, பொன் முலாம் பூசிய தாராதேவியின் வெண்கலச் சிலை உள்ளது. எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது. உலோக வார்ப்புக் கலையின் உச்சங்களில் ஒன்று. இலங்கையில் ஆளுநராக இருந்த ரொபேட் பிரவுன்றிக் 1830இல் அதனை அந்நூதனசாலைக்குக் கொடுத்தார். அது கண்டெடுக்கப்பட்ட இடமாக இன்றும் சொல்லப்படுவது, ‘கீழ்க்கரையிலே, திருக்கோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில்’ என்பதே. அவ்விரு ஊர்களுக்குமிடையில் எத்தனை குளங்கள், எத்தனை காடுகள், எத்தனை பாழடைந்த கோயில்கள்! எந்தக் கோயிலில் நின்றாள், அருகில் வேறு எந்தத் திருவுருவங்கள் இருந்தன, கல்வெட்டு ஏதும் இருந்ததா என்பனவற்றுக்கு அவ்வொரு வரியில் விடையில்லை. சிலை முழுதாக எஞ்சியது. அதனைச் சூழ்ந்த வரலாறு முழுதாக மறைந்தது.

இதற்கு நேர்மாறானது காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனத்து மிங் அரசர் காலத்துக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொணர்ந்தது, 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனமொழியிற் புத்தருக்கும், தமிழிலே தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை செலுத்தியமை ஒரே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. 1911இல் பொறியியலாளர் ஒருவர் அதனைக் காலி நகரில் எங்கே கண்டார்? தெருவோர மதகொன்றை மூடும் கல்லாக! ஐந்நூறு ஆண்டு வரலாற்றின்மேல் வண்டிகள் உருண்டுகொண்டிருந்தன. ஆயினும் இன்ன ஊரில் இன்ன இடத்தில் என்று குறித்து வைத்தமையால், கொழும்பு நூதனசாலையிலே நிற்கும் அக்கல்லுக்கு வேரும் உண்டு, ஊரும் உண்டு.

பிறப்பிடம் தெரிந்தாலன்றி உரிமை கேட்பதும் அரிது. 1765இல் ஒல்லாந்தப் படை கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டது. அங்கிருந்து கொண்டுபோகப்பட்டதும், வெள்ளியும் பொன்னும் மாணிக்கமும் பதித்ததுமான லெவ்கே பீரங்கி பன்னெடுங்காலம் நெதர்லாந்தில் இருந்தது. அது வந்த வழியை இரு நாட்டு அறிஞரும் ஆராய்ந்து நிறுவியதன் பயனாக, 2023இல் அதனோடு சேர்த்து ஆறு பொருள்களை நெதர்லாந்து இலங்கைக்குத் திருப்பியளித்தது. ஆவணம் பேசிற்று, பீரங்கி திரும்பிற்று.

சட்டத்தையும் ஒரு வார்த்தை கூறல் வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டபோது, கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குச் சென்ற 1815 மார்ச் 2ஆம் நாளை எல்லையாகக் கொண்டு, அதற்கு முற்பட்டனவற்றைத் தொல்பொருள் என வகுத்தது. அத்தகையவற்றை அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லலாகாது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் ஏற்றுமதியையும் வியாபாரிகளின் உரிமத்தையும் பற்றியது. வெளிநாட்டிலுள்ள உறவினருக்குப் பரிசாக எதையேனும் வாங்க எண்ணுவோர், பணம் கொடுக்கு முன் தொல்பொருட் திணைக்களத்தைக் கேட்டறிதல் நன்று. சிலர் விமான நிலையத்திலேயே முதன்முறையாக இதனைக் கேள்வியுறுகின்றனர். கோயில் விக்கிரகம், தேர்ச் சிற்பம், விகாரையின் பொருள் என எவையேனும் கடையிற் காணப்படின், விலை கேட்பதன் முன், அது கோயிலை விட்டு எவ்வாறு வந்தது என்று கேட்பது வாங்குவோர் கடன். தெளிவான மறுமொழி கிடையாவிடின் வெறுங்கையோடு வெளியேறுவதே முறை.

வடமாகாணத்து வீடுகளின் கதை இங்கு கூடுதலாகப் பேசப்பட வேண்டியது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் கையிலெடுத்துச் சென்றது மிகச் சொற்பம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே செம்மணி வழியாகத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எந்தக் குடும்பமும் பெட்டகத்தைத் தூக்கிச் செல்லவில்லை. ஆளற்றுக் கிடந்த வீடுகளின் கதவும் நிலையும் பாத்திரமும் எங்கெங்கோ போயின. போர் 2009இல் முடிந்தபின் வீடு திரும்பியோரிற் சிலர் சுவரை மட்டுமே கண்டனர். எஞ்சியிருந்த வீடுகளில் முதியோர் தனித்து வாழ, பிள்ளைகள் கடல் கடந்து வாழ, பழைய சாமான்கள் இடத்தை அடைக்கும் சுமையாயின. சீதனமாக வந்த பெட்டகத்தை, இன்ன பாட்டியின் பெட்டகம் என்று சொல்லத்தக்க கடைசி மனிதர் மறைந்த அடுத்த மாதமே அது விற்கப்படுகின்றது. விற்பதிலே தவறில்லை, வைத்துக் காக்க எல்லோராலும் இயலாது. பெட்டகத்தின் உள்ளே, ஓரத்திலுள்ள சிறு அறையிலே, ‘இன்ன ஊர், இன்ன குறிச்சி, இன்னாரின் கலியாணத்துக்கு இன்ன ஆண்டில் வந்தது’ என்று ஒரு தாளில் எழுதி ஒட்டி விற்றால் யாருக்கும் நட்டமில்லை. கடைக்காரருக்கும் இலாபமே, ஊரும் பேரும் உள்ள பெட்டகத்துக்குக் கூடிய விலை கொடுப்பார் உளர். பள்ளி மாணவர் விடுமுறைக் காலத்திற் செய்யத்தக்க வேலையும் இது. வீட்டிலுள்ள பழம்பொருள் பத்தை அளந்து, படமெடுத்து, முதியோர் சொல்வதைப் பக்கத்தில் எழுதிவைக்க ஓர் அப்பியாசப் புத்தகம் போதும்.

ஆனந்த குமாரசுவாமி செய்த பெரும்பணியும் அடிப்படையில் இதுவே. கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாக இலங்கையின் ஊர்களைச் சுற்றியவர், கற்களோடு கைவினைஞரையும் கண்டார். பாக்குவெட்டியையும் சுண்ணாம்புக் கறண்டகத்தையும் பாயையும் பானையையும் அவற்றைச் செய்தோரோடும் செய்யும் முறையோடும் சேர்த்து எழுதினார். 1908இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் அவருடைய ஆங்கில நூலின் பிரதிகள் 425 மாத்திரமே. அந்நூலில் உள்ளவற்றை ஒத்த பாக்குவெட்டிகள் இன்று கண்டிக் கடைகளிற் கண்ணாடிப் பெட்டியினுள் இருக்கின்றன. அவற்றை அறிய முனைவோர் அந்நூலையே நாட வேண்டியிருக்கின்றது.

கடைசியாக ஏடு. சில கடைகளில் ஓலைச்சுவடிகள் கட்டோடு விற்கப்படுகின்றன. வேறு சிலவற்றிலே கட்டு அவிழ்க்கப்பட்டு, ஓலை ஓலையாகக் கண்ணாடிச் சட்டத்திலிட்டுச் சுவரலங்காரமாக விற்கப்படுகின்றது. கட்டாக விற்பதைவிட இதிலே வருவாய் மிகுதி. இது பழம்பொருட் கடைகளில் நடக்கும் செயல்களிலே மிகக் கொடியது. சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தது இத்தகைய ஏடுகளைத் தேடித் திரட்டியே. கடைச்சுவரில் தொங்குவது இலக்கியமாக இல்லாதிருக்கலாம். வைத்தியமாக, சோதிடமாக, ஒரு காணிக் கணக்காக இருக்கலாம். எதுவென அறிய முழுக் கட்டும் வேண்டும். தமிழ் ஏடாயின் இடப்பக்க ஓரத்தில், துளைக்கு அப்பால், எழுத்தாணியாற் கீறிய இலக்கமொன்று தமிழ் எண்ணில் இருக்கும். ஓலையின் எண் அது. அறுபத்திரண்டு என்றிருந்தால் அதற்கு முன் அறுபத்தோர் ஓலைகள் இருந்தன. அவற்றை யார் வாங்கிச் சென்றார் என்று கடைக்காரரிடம் கேட்கலாம். சில வேளை மிச்சக் கட்டு மேசையின் அடியிலே கிடக்கும்.